சூப்பர் விசாவில் வரும் அம்மா அப்பாவுக்கு: வீடு, ஆஸ்பத்திரி, அப்புறம் அந்த 180 நாள்

பென்ஷன் எடுத்தாயிற்று, பிள்ளைகள் எல்லாம் கனடாவில் ரொறொன்ரோப் பக்கம், இனி ஊரில் தனியே இருந்து என்ன செய்வது, வீட்டையும் காணியையும் விற்றுவிட்டு அங்கேயே போய் இருந்துவிடுவோம். இப்படி முடிவெடுக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. முடிவு சரியா பிழையா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் காரியங்களை ஊர் வழக்கப்படியே செய்தால் இங்கே கை சுடும். என் நண்பன் ஒருவனுக்குச் சுட்டது. அவன் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

விசாவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை நிரந்தர வதிவிடத்துக்கு ஸ்பொன்சர் செய்யும் வழி பெயருக்குத்தான் இருக்கிறது. 2020இல் விருப்பப் படிவம் போட்டு வைத்தவர்களிலிருந்துதான் 2024இலும் 2025இலும் ஆட்களை அழைத்தார்கள். அப்போது போடாதவர்கள் வாய் பார்க்க வேண்டியதுதான். அதனால் பெரும்பாலானோர் வருவது சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்டகாலம் வந்து நிற்பதற்கான வருகை விசாவில். 2022 ஜூலையிலிருந்து, ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவர் வருமானத்துக்கான ஆதாரம், மருத்துவப் பரிசோதனை, குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு ஒரு வருடக் காப்புறுதி. படிவம் நிரப்ப யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை, பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வந்துபோகும் விருந்தாளி. விருந்தாளிக்கு ஓஹிப், அதாவது ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசாங்க மருத்துவக் காப்புறுதி, கிடையாது. வீடு வாங்கவும் முடியாது.

வீட்டைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஊர்க்காணி விற்ற காசில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் சின்னதாக ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு), அதில் அம்மாவின் பெயரும் இருக்கட்டும், அவவுக்கும் ஒரு மரியாதை, என்று பிள்ளைகள் சொல்வார்கள். நல்ல மனசு. ஆனால் கனேடியர் அல்லாதவர்கள் நகரப் பகுதிகளில் குடியிருப்பு வீடு வாங்குவதை 2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசு தடைசெய்திருக்கிறது. தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டியும் இருக்கிறார்கள். கணவனோ மனைவியோ கனேடியப் பிரஜை என்றால் சேர்ந்து வாங்கலாம். பிள்ளை பிரஜை என்பது போதாது. மீறினால் 10,000 டொலர் வரை தண்டம், தெரிந்துகொண்டே உதவியவர்களுக்கும் அதே தண்டம், வீட்டை விற்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும்.

தடை நீங்கினாலும் வரி இருக்கிறது. வெளிநாட்டவர் வீடு வாங்கினால் ஒன்ராறியோ 25 சதவீதம் வரி அறவிடுகிறது. வாங்குபவர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருந்தாலே வீட்டின் முழு விலைக்கும் அந்த வரி விழும். ரொறொன்ரோ நகரசபை 2025 ஜனவரியிலிருந்து தன் பங்குக்கு இன்னும் 10 சதவீதம் வைத்திருக்கிறது. எட்டு இலட்சம் டொலர் கொண்டோவில் மரியாதைக்காக அம்மாவின் பெயரைச் சேர்த்தால், அந்த மரியாதையின் விலை இரண்டு இலட்சத்து எண்பதாயிரம்.

சரி, பெயர் வேண்டாம், பிள்ளையின் வீட்டுக்கு முற்பணமாகக் கொடுத்துவிடுவோம் என்பது அடுத்த யோசனை. ஊரில் வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது நாங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டுதான் எழுதுவோம். சாகும்வரை அந்த வீட்டிலிருந்து யாரும் எழுப்ப முடியாது. இங்கே வங்கி உங்களிடம் வாங்கும் கடிதத்தில், இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன் என்று இருக்கும். கையெழுத்துப் போட்ட நிமிடம் காசு உங்களுடையதல்ல. நாளைக்கு மகனும் மருமகளும் பிரிந்தால், குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குள் போன அன்பளிப்பை ஒன்ராறியோச் சட்டம் தனியாகப் பிரித்து எடுக்க விடாது, பாகம்தான். மருமக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொடுக்கிற காசு கடனா அன்பளிப்பா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள், கடன் என்றால் எழுத்தில் இருக்கட்டும், வங்கிக்கும் தெரிந்திருக்கட்டும். பிள்ளையின் லோயரிடம் போகாமல் உங்களுக்கென்று வேறு ஒரு லோயரைப் பாருங்கள். அதற்காகும் சில நூறு டொலரைப் பார்க்காதீர்கள். இலங்கையில் வீடு விற்ற காசை நினைத்தபடி வெளியே அனுப்பவும் முடியாது. அந்நியச் செலாவணி விதிகளின் வரம்புக்குள், வங்கி வழியாகத்தான். விற்பதற்கு முதல் வங்கியில் கேளுங்கள். விற்ற பிறகு கேட்டவர்களின் கதை பாவமானது.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

நண்பனின் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரஷர் இருந்தது, கொஞ்சம் சீனி வருத்தமும் இருந்தது. வருடக்கணக்காக ஒரே கிளினிக், ஒரே மாத்திரை, எந்தக் குழப்பமும் இல்லை. காப்புறுதி எடுக்கும்போது நண்பன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பணம் தரும் பொலிசியைத்தான், கூடுதல் காசு கட்டி எடுத்தான். முகவர் எங்கள் ஆள்தான். எல்லாம் கவர் ஆகும், பயப்படாதீங்கோ என்றார்.

பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் அம்மா என்ன செய்தார்? நம் அம்மாக்கள் எல்லோரும் செய்வதைத்தான். வெளிநாடு போகிறேன், அங்கே மருந்து நெருப்பு விலையாம், ஒருக்கா எல்லாம் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஒரு டொக்டரை சனல் பண்ணிப் பார்த்தார். பிரஷர் சற்றுக் கூட இருந்தது, டொக்டர் லொசாட்டன் என்ற பிரஷர் மாத்திரையை 25 மில்லிகிராமிலிருந்து 50 ஆக்கினார். நல்ல டொக்டர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார். அம்மா மகனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவனுக்கு அது ஒரு செய்தியாகத் தெரிந்திருக்காது.

இங்கே வந்து இரண்டாம் மாதம் நெஞ்சு வலி. அம்புலன்ஸ், அவசர சிகிச்சை, இரத்தக்குழாயில் அடைப்பு, அதைத் திறந்து வைக்க ஒரு ஸ்ரென்ற், சில நாள் ஆஸ்பத்திரியில். அம்மா பிழைத்துவிட்டார், அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் ஓஹிப் இல்லாதவருக்கு இங்கே கட்டில் வாடகையே நாளுக்கு ஆயிரக்கணக்கான டொலர், டொக்டர்மாரின் பில் அதற்குப் புறம்பு. காப்புறுதிக்காரர் ஊரிலிருந்து மருத்துவப் பதிவுகளைக் கேட்டார்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த மாத்திரை மாற்றம் திகதியோடு இருந்தது. கோரிக்கையை மறுத்துவிட்டார்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவோம் என்று சொல்லும் பொலிசிகள் பெரும்பாலும் ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கின்றன: அந்த நோய், பொலிசி தொடங்கும் நாளுக்கு முந்திய குறிப்பிட்ட காலம் ஸ்டேபிளாக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலம் பொலிசிக்குப் பொலிசி 90 நாள், 120 நாள், 180 நாள் என்று மாறும், வயதுக்கேற்பவும் மாறும். நமக்கு ஸ்டேபிள் என்றால் ஆள் சுகமாக நடமாடுகிறார், அவ்வளவுதான். அவர்களுக்கு அது வேறு. புது அறிகுறி வந்திருக்கக் கூடாது. புது மருந்து தொடங்கியிருக்கக் கூடாது. இருக்கும் மருந்தின் அளவு கூடியிருக்கக் கூடாது. குறைந்திருக்கவும் கூடாது, நிறுத்தியிருக்கவும் கூடாது! சுகம் வந்ததால் டொக்டர் பாதி மாத்திரையாக்கினாலும் அது மாற்றம்தான். செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்த ஸ்கான் ஒன்று செய்யாமல் கிடந்தால் அதுவும் சேரும். கம்பனி மாறி அதே மருந்து அதே அளவில் வந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. இன்சுலினைக் கூட்டிக் குறைப்பதற்குச் சில பொலிசிகள் சலுகை தருகின்றன, எல்லாம் அல்ல.

நாட்களை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதைப் பாருங்கள். பொலிசி வாங்கிய நாளிலிருந்து அல்ல, அது நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து, அதாவது பெரும்பாலும் நீங்கள் விமானத்தால் இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி. விசாவுக்காக மாசியில் பொலிசி எடுத்துவிட்டு ஆனியில் வருகிறவர், நடுவில் மாத்திரை மாற்றினால் கையிலிருக்கும் பொலிசி அந்த நோய்க்கு வெறும் கடதாசி.

இன்னொரு கண்ணி ஒரு வருடம் கழித்து வரும். பொலிசியைப் புதுப்பிப்பது என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் அது புதுப் பொலிசிதான், எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்கும். பத்தாம் மாதத்தில் இங்குள்ள டொக்டர் மருந்தை மாற்றினால் இரண்டாம் வருடத்தில் அந்த நோய் வெளியே. ஐந்து வருடம் இருக்கப்போகிறவர்களுக்கு இதுதான் பெரிய இடி. ஏனென்றால் எழுபது வயதில் ஐந்து வருடம் ஒரே மாத்திரையோடு யார் இருக்கிறார்கள்?

இதைப் படித்துவிட்டு டொக்டரிடமே போகாமல் இருக்காதீர்கள். அப்படியும் ஒரு குடும்பம் யோசித்ததைக் கேட்டேன், எனக்குக் கோபம்தான் வந்தது. உடம்புதான் முதலில். செய்ய வேண்டியது, முழுப் பரிசோதனையையும் பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே முடித்துவிடுவது. மருந்து மாற வேண்டுமென்றால் அப்போதே மாறட்டும். கடைசி நேரத்தில் மாறிவிட்டதா, 90 நாள் பொலிசியைத் தேடுங்கள், அல்லது டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் மாற்றும் தண்டப்பணம் ஆஸ்பத்திரி பில்லுக்குக் கால் தூசி.

காப்புறுதிப் படிவத்தை மகன் கனடாவில் இருந்துகொண்டு தன் ஞாபகத்தில் நிரப்பக் கூடாது. வீடியோவில் கூப்பிடுங்கள், கிளினிக் கொப்பியை விரித்து வைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். அம்மாக்கள் மறைப்பார்கள். சீனி கொஞ்சம்தான், அது வருத்தமே இல்லை என்பார்கள். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நினைப்பு. பிழையான பதில் ஒன்று முழுப் பொலிசியையும் செல்லாமல் ஆக்கிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். முகவர் வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஸ்டேபிள் என்பதற்கு விளக்கம் எழுதியிருக்கும் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் அம்மாவின் மாத்திரைப் பட்டியலை ஈமெயிலில் எழுதி, இதற்குப் பணம் வருமா என்று கேட்டு, பதிலையும் ஈமெயிலில் வாங்குங்கள். நல்ல முகவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

காப்புறுதியை வருமுன்பே எடுங்கள், வந்தபின் எடுத்தால் நோய்களுக்குச் சில நாள் காத்திருப்பு வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். பிந்தினால் தொகையைக் குறைக்கும் பொலிசிகள் இருக்கின்றன. கோரிக்கையை மறுத்தால் முதலில் கம்பனிக்குள்ளேயே முறையிட வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் ஆயுள், சுகாதாரக் காப்புறுதிகளுக்கான குறைகேள் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. நண்பனும் முறையிட்டான். மாத்திரை மாறியது உண்மை என்பதால் அசையவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவோடு பேசித் தவணை முறைக்கு வந்தான், மீதிக்கு வீட்டின் மேல் கடன் எடுத்தான். இங்குள்ள ஆஸ்பத்திரிகள் தவணைக்குச் சம்மதிப்பதுண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கான மருந்து கொண்டுவரலாம். ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் கடதாசி உறையில் போட்டுத் தருவதை அப்படியே கொண்டுவந்தால் விமான நிலையத்தில் முழிக்க வேண்டிவரும். மருந்துக்கடையில் பெயரும் அளவும் அச்சிட்ட பெட்டியோடு வாங்கி, மருந்துச் சீட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தடிமன், காய்ச்சல் என்றால் 811க்கு அழைத்து தாதியிடம் கேட்கலாம், இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பாருங்கள். முன்பதிவில்லாமல் போகும் வோக்-இன் கிளினிக் என்றால் கைக்காசுதான். காப்புறுதி அவசரத்துக்கு மட்டும்தான், வழக்கமான செக்கப்புக்கு அல்ல.

நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டால் இவை மாறும். 2020 மார்ச்சிலிருந்து ஓஹிப்புக்கு மூன்று மாதக் காத்திருப்பும் இல்லை, 65க்கு மேல் மருந்துச் செலவில் பெரும் பகுதியை மாகாணம் ஏற்கும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்துக்கு மட்டும் பத்து வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா எடுக்கிறா, நானும் வந்ததும் எடுப்பேன் என்று கணக்குப் போடாதீர்கள்.

அதுவரை ஊர் வீட்டை விற்காதீர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நாள் முழுக்க ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருக்க எல்லோராலும் முடிவதில்லை. என் சித்தப்பா பங்குனி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லை என்று போய்விட்டார். தோட்டத்தில் நின்றது நாலு வாழை. ஒரு மாரியும் ஒரு காப்புறுதிப் புதுப்பிப்பும் கழியட்டும். அதற்குள் வீட்டை நம்பிக்கையான ஆளுக்கு வாடகைக்குக் கொடுத்து, உங்கள் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, உறவில் ஒருவருக்கு எழுதிவிட்டு வாருங்கள். வாடகை வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப்போடாமல் பார்க்க ஆள் வேண்டும்.