ஒரே குச்சியில தொட்டி நிறைய கற்பூரவல்லி

புதுசா செடி வளர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது கற்பூரவல்லிதான், சில பேர் ஓமவல்லின்னு சொல்வாங்க. வேர் பிடிச்சிட்டா வருஷக்கணக்குல இலை கிடைக்கும், விதையெல்லாம் தேட வேண்டாம், பக்கத்து வீட்ல செடி இருந்தா ஒரு குச்சி கேட்டு வாங்கிக்கோங்க.

ரொம்ப முத்தாத, பூ வைக்காத கிளையா பாத்து 4-5 இன்ச் நீளத்துக்கு கணுவுக்கு கொஞ்சம் கீழ வெட்டுங்க. வேர் சீக்கிரமா விடுறது கணுவுலதான். அடி இலைங்கள கிள்ளிட்டு, வெட்டுன இடம் காயட்டும்னு அரை நாள் நிழல்ல போட்டு வைங்க.

மண்ணுக்கு செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்குன தொழுவுரம் ஒரு பங்கு. 8 இன்ச் தொட்டி போதும், ஆனா அடியில ஓட்டை கண்டிப்பா இருக்கணும். ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நட்டு, தண்ணி ஊத்தி, நேர் வெயில் படாத வெளிச்சத்துல வைங்க. ரெண்டு மூணு வாரத்துல நுனியில குட்டி இலை விரிய ஆரம்பிச்சதும் காலை வெயில் படுற இடத்துக்கு மாத்துங்க. மத்தியான வெயில்ல இலை சிறுத்து மஞ்சளாயிடும்.

இனி தண்ணி, இதுலதான் நிறைய பேர் செடிய விட்டுடுறாங்க. இலையும் தண்டும் சதைப்பத்தா இருக்கிறதால தண்ணிய உள்ளயே சேத்து வச்சுக்கும், அதனால தினமும் ஊத்தாதீங்க, விரல விட்டு பாத்து மேல் மண் நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. அதிகமானா மேல இலை பச்சையா இருக்கும்போதே தண்டோட அடி கருத்து, அமுக்குனா கொழகொழன்னு இருக்கும். அப்பவும் பயப்படாதீங்க, அழுகாத நுனியா வெட்டி வேற மண்ணுல நட்டா பொழைச்சுக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில தொட்டிய சன்ஷேடுக்கு கீழ நகத்திடுங்க.

நுனிய கிள்ளிக்கிட்டே இருக்கணும். கிள்ளுன இடத்துக்கு கீழ இலைக்கும் தண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் புதுத் துளிர் வரும், அப்பதான் புதரா அடர்த்தியாகும், உங்களுக்கும் பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் இலை ஆச்சு.

வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா அது மாவுப்பூச்சி. தண்ணிய பீச்சி அடிச்சு கழுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா தெளிங்க, ஒரு வாரம் கழிச்சு திரும்ப ஒரு தடவை.

ரெண்டு மூணு வருஷம் ஆனா அடித்தண்டு கட்டையாகி இலை கொறைஞ்சிடும், அப்ப நுனிக் குச்சிங்கள வெட்டி, மண்ண மாத்திட்டு அதே தொட்டியில நட்டுக்கோங்க.