டொமைன் உங்களுடையதுதான் என்று கூகுளுக்குக் காட்டுவது எப்படி

முதலில் ஒரு கேள்வி: டொமைன், அதாவது உங்கள் சைட்டின் பெயர், உங்களுடையதுதான் என்று கூகுளுக்குக் காட்டுகிற இந்த வேலையை எந்த ஜிமெயிலில் செய்யப் போகிறீர்கள்? ஹட்டன் டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிற நான், வருகிறவர்களிடம் இதைக் கேட்காமல் கீபோர்டில் கை வைப்பதில்லை. நல்லதண்ணியில் ரூம் விடுகிறவர்கள், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தூள் பக்கெட் போட்டு விற்கிறவர்கள், "தம்பி, ஒங்க ஜிமெயில்லயே போட்டுவிடுங்களேன், எனக்குப் பாஸ்வேர்ட் ஞாபகமில்ல" என்பார்கள். மாட்டேன். கூகுள் கொடுக்கிற சரிபார்ப்புக் கோட் ஆளுக்கு ஆள் வேறு. என் கணக்கில் எடுத்த கோடைப் போட்டால், கூகுளைப் பொறுத்தவரை உரிமையாளர் நான்தான். நாளைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புப் பக்கம் போய்விட்டால் அந்த அக்கா யாரைத் தேடுவார்? பாஸ்வேர்டை மீட்டுக்கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கூகுள் தேடலில் உங்கள் சைட் எப்படித் தெரிகிறது என்று சொந்தக்காரருக்குக் காட்டுகிற இடம்தான் கூகுள் சேர்ச் கொன்சோல். அதற்குள் போனால் இரண்டு பெட்டி காட்டும். ஒன்று டொமைன், மற்றது யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ். இரண்டாவது சுலபம், ஒரு ஃபைலை சைட்டில் ஏற்றினாலே வேலை முடிந்துவிடும். ஆனால் நீங்கள் அடித்த அந்த ஒரு முகவரியின் கீழ் வருவதை மட்டும்தான் அது பார்க்கும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டது தனி, போடாதது தனி. டொமைன் பெட்டியில் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதற்கு டிஎன்எஸ், அதாவது உங்கள் டொமைன் பற்றிய விவரங்களை உலகத்துக்குச் சொல்கிற பதிவேடு, அந்த வழிதான் ஒரே வழி. கொஞ்சம் சுற்று என்றாலும் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

டொமைன் பெயரைக் கொடுத்ததும் நீளமாக ஒரு வரி வரும். 'கூகுள் சைட் வெரிஃபிகேஷன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, சமன் குறி வந்து, அதற்குப் பின்னால் தாறுமாறாக எழுத்தும் இலக்கமும். அதை அப்படியே கொப்பி பண்ணிக்கொள்ளுங்கள். போனில் படம் பிடித்து, அதைப் பார்த்து டைப் பண்ண வேண்டாம். ஆங்கிலப் பெரிய 'ஓ' எது, பூச்சியம் எது என்று தெரியாது. பெரிய எழுத்து சிறிய எழுத்தும் மாறக் கூடாது.

இனிமேல்தான் பலர் வழி தவறுவது. இந்த வரியை எங்கே போடுவது? டொமைன் வாங்கின இடத்தில் என்று நினைப்பார்கள். டொட் எல்கே என்றால் 1990இலிருந்து அதைப் பார்த்துக்கொள்கிற எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் கணக்கில் போய்த் தேடுவார்கள். ஆனால் வாங்கின இடமும் டிஎன்எஸ் இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. லயத்தில் இருக்கிறவருக்குக் கடிதம் தோட்ட ஒபிஸுக்குத்தானே வரும், அதை லயத்து வாசலில் நின்று தேடி என்ன செய்ய? அதே கதைதான் இங்கேயும். உலகம் உங்கள் டொமைனைப் பற்றி யாரிடம் கேட்கிறதோ, அவர்தான் நேம்சேர்வர். இந்த வரியை ஒரு பதிவாக, அதாவது ரெகோர்டாக, அங்கேதான் போட வேண்டும். வேறெங்கே போட்டாலும் சேவ் ஆகும், பச்சை நிறத்தில் சரி என்றும் காட்டும், ஆனால் யாருக்கும் தெரியாது.

நேம்சேர்வர் எதுவென்று பார்க்க, கூகுளின் அட்மின் டூல்பாக்ஸில் 'டிக்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. டொமைன் பெயரை அடித்து 'என்எஸ்' என்பதை அழுத்துங்கள். வருகிற பெயரில் டிஎன்எஸ் பார்த்துக்கொள்கிற கம்பனியான கிளவுட்ஃப்ளேர் என்று இருந்தால் கிளவுட்ஃப்ளேர் கணக்குக்குள் போக வேண்டும். சைட்டை வைத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பனியின் பெயர் இருந்தால் அவர்களுடைய பனலுக்குள், அதாவது செட்டிங்ஸ் மாற்றுகிற பக்கத்துக்குள், சீ-பனல் என்றால் 'ஸோன் எடிட்டர்' என்ற இடத்துக்கு. அந்தக் கணக்கின் லொகின் உங்களிடம் இல்லை, சைட் செய்து தந்தவரிடம்தான் இருக்கிறது என்றால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவோடு தொடங்கிவிடும். ஆட்கள் ரூம் தேடுகிற நேரத்தில் அவர் போனை எடுக்காவிட்டால் கஷ்டம்.

உள்ளே போனபின் புதிய ரெகோர்ட். வகை 'டிஎக்ஸ்டி', அதாவது வெறும் எழுத்து வரி வைக்கிற வகை. பெயர் என்று கேட்கிற பெட்டியில் @ குறி மட்டும்; அது உங்கள் டொமைனையே குறிக்கும். இங்கே முழு டொமைனையும் அடிப்பவர்கள் அதிகம். சில பனல்கள் அதற்குப் பின்னால் டொமைனை மறுபடி தாங்களே ஒட்டிவிடும். பெயர் இரட்டித்து, இல்லாத ஓர் இடத்தில் ரெகோர்ட் போய் உட்கார்ந்துவிடும். @ குறியை ஏற்காத பனலும் உண்டு. அப்படியென்றால் பெட்டியை வெறுமையாக விடுங்கள், அல்லது ஏற்கெனவே இருக்கிற ரெகோர்டுகளில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து அதே மாதிரி எழுதுங்கள். மதிப்புப் பெட்டியில் கொப்பி பண்ணின வரி. மேற்கோள் குறி நீங்கள் போடத் தேவையில்லை. டிடிஎல் என்று கேட்டால், ரெகோர்டை மற்றவர்கள் எவ்வளவு நேரம் ஞாபகத்தில் வைக்கலாம் என்பதுதான் அது, இருப்பதை அப்படியே விடுங்கள். 3600 என்றிருந்தால் ஒரு மணித்தியாலம் என்று அர்த்தம்.

ஏற்கெனவே வேறு டிஎக்ஸ்டி ரெகோர்டுகள் இருந்தால் அவற்றின் மேல் எழுதிவிடாதீர்கள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் வேலை. ஒரே பெயரில் எத்தனை டிஎக்ஸ்டியும் இருக்கலாம். ஆங்கில 'வீ', சமன் குறி, எஸ்பிஎஃப் என்று தொடங்குகிற ஒன்று இருக்கலாம், உங்கள் பெயரில் ஈமெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது அது. அதை அழித்தால் நீங்கள் அனுப்புகிற ரிசர்வேஷன் மெயில் எல்லாம் ஸ்பேமில் போய் விழத் தொடங்கும்.

டொட் இலங்கை என்று தமிழில் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு: 2010இல் வந்த அந்த முகவரி பனலுக்குள் தமிழ் எழுத்தில் தெரியாமல் போகலாம். எக்ஸ்என் என்று தொடங்கி, இரண்டு கோடு போட்டு, புரியாத ஆங்கில எழுத்தாக வரும். பயப்பட வேண்டாம், அது உங்கள் டொமைன்தான்.

சேவ் பண்ணினதும் கை துறுதுறுக்கும். உடனே போய் 'வெரிஃபை' அழுத்தாதீர்கள். முதலில் அதே டிக் பக்கத்தில் இந்தத் தடவை 'டிஎக்ஸ்டி'யை அழுத்திப் பாருங்கள். உங்கள் வரி அங்கே தெரிந்தால் மட்டும் வெரிஃபை. இதற்குக் காரணம் உண்டு. ஒரு ரெகோர்ட் இருக்கிறதா என்று யாராவது கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த "இல்லை"யையும் டிஎன்எஸ் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் டொமைனின் அமைப்புதான் தீர்மானிக்கிறது. அவசரப்பட்டு முந்திக் கேட்டால், நீங்களே காத்திருக்கிற நேரத்தைக் கூட்டிக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு நாள் கழிந்தும் வரவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. நேம்சேர்வர் சரியா, பெயர் இரட்டித்திருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள்.

சரிபார்த்து முடிந்ததும் ரெகோர்டை அழிக்கக் கூடாது. கூகுள் அவ்வப்போது திரும்ப வந்து பார்க்கும்; இல்லையென்றால் உரிமை போய்விடும். சைட்டைப் பார்த்துக்கொள்கிற தம்பிக்கு அனுமதி வேண்டுமென்றால் செட்டிங்ஸில் பயனாளராகச் சேர்த்துவிடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

டிக் பக்கத்தில் டிஎக்ஸ்டி பார்க்கும்போது கூகுள் வரி இரண்டு இருந்தால், ஒன்று உங்களுடையது. மற்றது யாருடையது என்று கேளுங்கள். முன்பு சைட் செய்தவருடையதாக இருக்கும். அவரோடு கணக்கு முடிந்திருந்தாலும் அந்த வரி இருக்கும் வரை அவரும் உரிமையாளர்தான்; சேர்ச் கொன்சோலில் பெயரை மட்டும் எடுத்தால் போதாது, திரும்பவும் சரிபார்த்து உள்ளே வந்துவிடலாம். சேர்ச் கொன்சோலின் பயனாளர் பக்கத்தில் எந்தக் கோட் யாருடையது என்று பார்த்து, உங்களுடையதை விட்டுவிட்டு அவருடைய வரியை மட்டும் டிஎன்எஸ்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.