வயிற்றுத் தசைகளை நீட்டும்போது முதுகு ஏன் வலிக்கிறது?

வயிற்றை நீட்டும் பயிற்சியைத் தொடங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் வயிற்றைப் பற்றியதாக இருப்பதில்லை. கீழ்முதுகு பிடித்துக்கொண்டது என்பதாகவே இருக்கிறது. வயிற்றின் நடுவே செல்லும் நேர்தசை, இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து 5, 6, 7ஆம் விலாக்களின் குருத்தெலும்பு வரை நீள்கிறது. ஆகவே விலாக்கூடு இடுப்பெலும்பை விட்டு முன்புறமாக விலகினால்தான் அத்தசை நீளும். குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி மார்பை உயர்த்தும் நிலையான புஜங்காசனத்தில், கைகளை முழுவதும் நிமிர்த்தி மார்பை இயன்றமட்டும் உயர்த்துபவருக்கோ, மேல்முதுகு விறைப்பாகவே இருக்க, வளைவு முழுவதும் இடுப்புக்குச் சற்று மேலே ஓரிரு மூட்டுகளில் குவிந்துவிடுகிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும் இந்த உயரந்தான் முதல் தவறு. அடிவயிறு தரையை விட்டு எழாத அளவே ஒருவருக்குரிய அளவு. தொடக்கத்தில் முழங்கைகளை ஊன்றிய நிலையே பலருக்குப் போதுமானது.

தலையைப் பின்னால் தொங்கவிடுவது கழுத்தை வருத்துமே தவிர, வயிற்றுக்கு எதையும் கூட்டுவதில்லை.

மூச்சை அடக்கிக்கொள்வது இதைவிட நுட்பமான தவறு. மூச்சைப் பிடித்து உடலை விறைக்கும்போது வயிற்றுச் சுவரும் இறுகுவதால், தளர்த்த வேண்டிய தசையை நாமே இறுக்கிக்கொண்டு இழுப்பதாகிறது. குலுக்கிக் குலுக்கி நீட்டுவதும் இத்தகையதே: திடீரென இழுபடும் தசை, தன்னைக் காத்துக்கொள்ள அனிச்சையாகச் சுருங்கும். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிய பின், மெதுவாக நீட்டி, இயல்பாக மூச்சுவிட்டபடி 10 முதல் 30 விநாடி வரை நிலைத்திருந்து, அதை இரண்டு முதல் நான்கு முறை செய்வது நல்லது. வயிறு நிறைய உண்டவுடன் செய்ய வேண்டாம்.

பக்கவாட்டில் சாயும்போது உடல் முன்னே சரிந்தால், வயிற்றின் இருபக்கங்களிலும் உள்ள சாய்தசைகள் நீளாமல் தப்பித்துக்கொள்ளும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று செய்தால் இந்தச் சரிவு உடனே தெரிந்துவிடும்.

குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியவர்கள், முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. இதமான இழுப்பு உணர்வு இயல்பானது. குத்தும் வலியோ, காலுக்கு இறங்கும் மரத்துப்போதலோ தோன்றினால், துள்ளி எழாமல், கைகளை மெல்ல மடக்கி மார்பைத் தரையில் இறக்கி, அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.