வரிக் கணக்கைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31 வரை நேரம் இருக்கிறது, ஆனாலும் பலர் கடைசி வாரத்தில்தான் பாஸ்வேர்டையே தேடுவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே போனால் ஏதாவது வில்லங்கம் தெரியவருமோ என்கிற பயம்தான் பெரும்பாலும் காரணம்.

அதனால் முதல் நாள் தாக்கல் செய்யவே உட்காராதீர்கள். வருமான வரித் துறையின் தளத்துக்குள் போய், உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் இருக்கும் விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையை மட்டும் டவுன்லோடு செய்து, வங்கி வட்டி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அடுத்த நாள், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி அலுவலகம் தரும் படிவம் 16-ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது கறிக்குழம்புக்கும் தூக்கத்துக்குமே போய்விடும். ஒரு வார நாள், இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு உட்காருங்கள். செல்போனைத் தூர வைக்கச் சொல்வார்கள், இங்கே அது சரிவராது, ஓடிபி அதில்தான் வரும். போனில் நெட்டை மட்டும் அணைத்து வையுங்கள்.

தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை போகும், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் அதிகபட்சம் 1,000. அப்புறம் அந்த மின்சரிபார்ப்பு, அதாவது தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று ஆன்லைனில் உறுதிசெய்வது! தாக்கல் செய்த நிம்மதியில் அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 30 நாள் தாண்டினால் சரிபார்த்த தேதியையே தாக்கல் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். ஆதார் ஓடிபி போட்டு அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்.