அமிர்தி பக்கம் காந்தள் தேடப் போகிறீர்களா?

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி. அந்தப் பக்கம் காட்டில் காந்தள் பார்க்க ஆசையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மலையூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 'செங்காந்தள்' என்று இலக்கியம் பேசாமல் 'கண்வலிக்கிழங்குப் பூ' என்று கேளுங்கள், சட்டென்று புரியும்.

அப்புறம், அடர்ந்த நிழலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெயில் விழும் புதரோரம்தான் பார்க்க வேண்டிய இடம். பூ கண்ணில் படவில்லையா, இலையைப் பாருங்கள். அதன் நுனி நூல்போல் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதழ் முதலில் பச்சை கலந்த மஞ்சள், நாளாக நாளாகச் சிவப்பு. மஞ்சளாக இருக்கிறதே, வேறு ஏதோ பூ என்று ஒருமுறை நான் தாண்டியே போய்விட்டேன்!

பறிக்க மட்டும் வேண்டாம். நம் மாநில மலர் என்பது ஒரு பக்கம். கிழங்கு முதல் விதை வரை கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் கூட வந்தால், செடியைத் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க விடாதீர்கள்.