அஞ்சுநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறக்க

கேரளத்தின் இடுக்கி மலையிலிருக்கும் அஞ்சுநாட்டில், மறையூர், காந்தளூர், வட்டவடைப் பக்கம் பிள்ளைகள் உடுமலை, திருப்பூர், எர்ணாகுளம் என்று இறங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார், அடுத்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. சுற்றுலா வந்தால் ஊர் பிழைத்துவிடும் என்பது பாதிதான் சரி. சனிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்குகிறவர்களால் டீக்கடை ஓடும், பள்ளிக்கூடம் ஓடாது. அதனால் விருந்தினர் அறைக்குப் போடும் திட்டத்திலேயே குடிவருகிறவர்களுக்கும் இடம் வையுங்கள்.

முதலில் ஊர்க்கூட்டம் போட்டு, பூட்டிய வீடுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாவி யாரிடம், பட்டா யார் பேரில், கூரை ஒழுகுகிறதா, கக்கூஸ் உண்டா. பட்டா தாத்தா பேரிலேயே கிடந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் கவிழ்வது இங்கேதான். 1964 நிலப்பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டா என்றால் அது சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் தந்தது. அதில் ரிசார்ட் எழுப்பினால் நோட்டீஸ் வரும். இப்படிக் கட்டியதை முறைப்படுத்த வழிவிடும் சட்டத் திருத்தம் 2023-இல் வந்தது உண்மைதான். ஆனாலும் வில்லேஜ் ஆபீசில் பட்டாவைக் காட்டிக் கேட்காமல் ஒரு செங்கல்லும் இறக்க வேண்டாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலேயே ஓரிரு அறை ஒதுக்கி, கேரளச் சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே தரச்சான்று வாங்குவது பத்திரமான வழி. அதில் ஆறு அறைக்கு மேல் கிடையாது, அதுவே நல்லது.

அறை எத்தனை என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும். மறையூர் மழைமறைவுப் பகுதி, மலை தடுப்பதால் மழை குறைவு. ஓடை நிறைந்து ஓடும் மாதத்தில் அளந்தால் கணக்குத் தப்பும். மழைக்கு முந்தைய வறண்ட நாளில் ஊற்றுக் குழாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 10 நிமிடம் என்றால் நாளுக்கு 2,880 லிட்டர். வயலுக்கும் மாட்டுக்கும் போக, நாலில் ஒரு பங்குதான் விருந்தினருக்கு: 720 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வைத்தால் ஐந்து பேர், அதாவது இரண்டு அறை. மூன்றாவது அறை கட்டினால் ஏப்ரலில் பூண்டுத் தோட்டக்காரரோடு சண்டைதான். ஊற்றுக்கு மேலே கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் தோப்பு இருந்தால் நீர் இன்னும் குறையும். வெட்டினாலும் கட்டையிலிருந்து தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும்.

கக்கூசுக்கு இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் அடைத்து மற்றதைத் திறங்கள். அடைத்ததை ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து அள்ளினால் எருவாகியிருக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் 7.5 மீட்டர் போதும் என்கிறது விதி. மலைச்சரிவில் அது போதாது. குழி ஊற்றுக்குக் கீழே, தள்ளி இருக்கட்டும்.

பழைய மண்சுவரைச் சிமெண்டால் பூசாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடியில் சுவர் கரைந்து, பூச்சு பலகையாகப் பெயரும். சிமெண்ட் பூசியிருந்தால் கொத்தி எடுத்துவிட்டு, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்து, சுவரை நனைத்து, இரண்டு கைப் பூச்சாகப் பூசுங்கள். ஒரு வாரம் வெயில் படாமல் சாக்குப் போட்டு ஈரம் காக்க வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழை வெடிப்பு விழும். சுவரைச் சுற்றித் தண்ணீர் வடியும் வாய்க்கால் இல்லாவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது.

'ஹீலிங்' என்று போர்டு வைக்க ஆசை வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. ஆயுர்வேதச் சிகிச்சை என்றால் பட்டம் பெற்ற வைத்தியர் வேண்டும். அது இல்லாமலே தரக்கூடியது நிறைய உண்டு: விடியக்காலை நடை, மறையூர் வெல்லம் போட்ட கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ), சத்தமில்லாத இரவு. ஜீப் சவாரியும் ஸ்பீக்கரும் அதே ஊரில் இருந்தால் இது எதுவும் விலை போகாது. காட்டுக்குள் நடைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முதுவர் பழங்குடியினரின் ஊர்களுக்குள் அவர்கள் கூப்பிடாமல் போகக்கூடாது. வயதான விருந்தினரிடம் மருந்துச்சீட்டைக் கேட்டு வையுங்கள். உடுமலைக்கு இறங்கும் சின்னார் காட்டு வழியில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, அவசரத்துக்கு நினைத்த நேரம் இறங்க முடியாது.

பலா பழுக்கும் காலத்தில் முற்றத்தில் ஒரு சுளையும் கிடக்கக்கூடாது. யானைக்கு அந்த வாசனை போதும். பிளாஸ்டிக்கை வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள், எச்சில் சோறு மூடிய குழிக்குப் போகட்டும்.

குடிவருகிறவர்களுக்கு வீட்டை விற்காமல் குத்தகைக்கு விடுங்கள். முதலில் பதினோரு மாதம், அதில் ஒரு மழைக்காலம் வரட்டும். ஆடியிலும் ஐப்பசியிலும் இருந்து பார்த்தவர்தான் நிலைப்பார். பிறகு ஐந்து வருஷக் குத்தகை. ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்தே ஆக வேண்டும். ரிப்பேர் செலவை வாடகையில் கழிப்பதாக இருந்தால், எந்த வேலை, எவ்வளவு, ரசீது யாரிடம் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் இரண்டாவது வருஷம் தகராறு. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுங்கள், தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளி எது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.