சவலைக் குஞ்சைத் தேற்றுவது எப்படி? வீட்டில் புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு

எட்டு முட்டை அடை வைத்தோம், ஏழு பொரித்தது. ஆறு குஞ்சு ஒரே அளவில் ஓடியது. ஏழாவது மட்டும் அதில் முக்கால் உருவம்கூட இல்லாமல், தாய்க்கோழி எழுந்து நகர்ந்த பிறகும் இருந்த இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு இடத்தில் நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்த முதல் ஈட்டிலேயே (ஒரு தடவை அடை வைத்துப் பொரிக்கும் குஞ்சுகள் ஓர் ஈடு) இப்படி. செய்யாறு பக்கம் கோழியோடு கோழியாக வளர்ந்த என் அத்தை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "விட்டுடும்மா, இது தேறாது" என்றார்.

அத்தை சொன்னது ஊர்க்கணக்கு. முப்பது நாற்பது குஞ்சு மேயும் இடத்தில் ஒன்றுக்காக யாரும் நேரம் ஒதுக்க முடியாது. நம் வீட்டில் இருப்பதே ஏழு. நமக்கு முடியும். அதற்குப் பிறகு ஈட்டுக்கு ஒன்றாவது சவலைக் குஞ்சு வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு நோய் எதுவும் இருப்பதில்லை. மற்றவை முட்டித் தள்ளுவதால் தீனித் தட்டை எட்ட முடியவில்லை, சூட்டுக்குள் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டையும் நாம் செய்து கொடுத்தால் தேறிவிடுகிறது.

1. சின்னதா, சீக்கா?

பொரித்தவுடன் குஞ்சின் எடை, முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 42 கிராம் முட்டையிலிருந்து 28 கிராம் குஞ்சு வரும். அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்த விடைக்கோழியின் முட்டை 32 கிராம்தான் என்றால், குஞ்சு 21 கிராம்தான் இருக்கும். அது சீக்கு இல்லை, முட்டை சின்னது. 21 நாள் கணக்கில் ஒரு நாள் பிந்திப் பொரித்ததும் இப்படித்தான் பின்தங்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் வாங்கினால், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வயதுக் குஞ்சுகள் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சாயம் பூசிய கலர்க் குஞ்சை மட்டும் வாங்காதீர்கள். அநேகமாக எல்லாமே முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வேண்டாத சேவல் குஞ்சுகள், வரும்போதே ஓய்ந்துபோய் வரும்.

குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பித் தொப்புளைப் பாருங்கள். மூடிக் காய்ந்திருந்தால் சரி. ஈரமாக, கருத்து, வயிறு உப்பி, நாற்றம் அடித்தால் உள்ளே தொற்று இருக்கிறது. வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பறவைகளையும் பார்க்கிறார்கள்.

இன்னொரு சோதனை சாயங்காலம் செய்ய வேண்டியது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, சற்று வலப்பக்கமாக இரைப்பை இருக்கும். கட்டைவிரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் தின்ற குஞ்சுக்கு அங்கே ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரி மெத்தென்று ஒரு உருண்டை தட்டுப்படும். விரலுக்கு வெறும் தோல்தான் கிடைக்கிறது என்றால், தட்டின் அருகே நின்றதே தவிர தின்னவில்லை என்று அர்த்தம். பார்வைக்கு ஏமாந்துவிடுவோம், விரல் ஏமாறாது.

2. தராசு வாங்குங்கள்

சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது போதும். அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, காலையில் தீனி போடுவதற்கு முன் குஞ்சை உள்ளே உட்கார வையுங்கள். தினமும் அதே நேரம். தேதி போட்டு எழுதுங்கள்.

என் முதல் சவலையின் கணக்கு இது: 21, 20, 20, 22, 24, 26, 29. முதல் இரண்டு மூன்று நாள் எடை ஏறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டுதான் அது அப்போது வாழ்கிறது. நான்காம் நாளிலிருந்து தினம் ஒன்றிரண்டு கிராமாவது ஏற வேண்டும். கூடப் பிறந்தவை ஏழாம் நாள் 50 கிராமைத் தொட்டிருந்தன. அதோடு ஒப்பிட்டு நான் முதலில் கலங்கினேன். ஒப்பிட வேண்டியது அதன் நேற்றைய எடையோடுதான். நான்காம் நாளுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் இறங்கினால் மட்டும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

3. பிரியுங்கள், தனியாக விடாதீர்கள்

தனியாக விட்ட குஞ்சு தின்னாது, கத்தியே ஓயும். அட்டைப்பெட்டியின் நடுவில் கம்பி வலை வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் பெரியவை, மறுபக்கம் சவலையும் அதற்கடுத்த சின்னதும் என்று விடுங்கள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால், பிறகு சேர்க்கும்போது கொத்து குறையும். துணைக்குஞ்சு தின்பதைப் பார்த்து இதுவும் தின்னும்.

தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கும். சவலையின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துபோய், பிறகு நிற்கவே முடியாமல் ஆகிவிடும். முதல் நான்கு நாள் பழைய பருத்தித் துணியோ சாக்கோ போதும். அப்புறம் உமி, அல்லது தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரச்சீவல். மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், தீனி என்று கொத்தித் தின்றுவிடும்.

4. சூடு

சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி வெளிச்சம் தருமே தவிர குஞ்சைச் சூடாக்காது. ஏழெட்டுக் குஞ்சுள்ள பெட்டிக்கு ஒரு 60 வாட் பல்பு போதும். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கவிடுங்கள், வேண்டாம் என்றால் அது விலகிப் போக இடம் இருக்க வேண்டும். பல்புக்கு அடியில் ஒட்டி ஒட்டி நின்றால் குளிர்கிறது, மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். கத்திரி வெயிலில் நம் ஊரில் பகலில் பல்பே வேண்டாம், நிழலும் காற்றும் இருந்தால் போதும்.

கஷ்டம் மழைக்காலத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, வாசல்படி வரை தண்ணீர். ஐந்து நாள் வயதில் ஏழு குஞ்சு இருந்தது. கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு பாட்டில்களில் ஊற்றி, மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, பெட்டிக்குள் சாய்த்து வைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ராத்திரி ஷிப்ட் அத்தைதான் பார்த்தார். தேறாது என்று சொன்னவர், விடிகாலையில் டார்ச் அடித்து சவலை பாட்டிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் பிழைத்தது. அக்டோபர் வந்தாலே இரண்டு பாட்டிலும் துணியும் எடுத்து வைத்துவிடுங்கள்.

தாய்க்கோழி இருந்தால் அதைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. பகலில் பெட்டியில் தின்னவிட்டு, இருட்டியதும் சவலையைத் தாயின் இறக்கைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். முதல் சில நாளில் பழக்கிவிட்டால் விரட்டாது.

5. தண்ணீர், தீனி

இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சவலை குடிக்கவில்லை என்று பதறி, இங்க் ஃபில்லரால் வாயில் தண்ணீர் விட்டேன். அது மூச்சுக்குழாய்க்குள் போய், என் உள்ளங்கையிலேயே அந்தக் குஞ்சு செத்தது. இரண்டாவது ஈட்டுக் குஞ்சு அது. வாயைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள். அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்தால் போதும், தலையைத் தூக்கி அதுவே விழுங்கும். நான்கைந்து முறை செய்தால் தானே குடிக்கக் கற்றுக்கொள்ளும்.

முதல் நாள் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் வெல்லம் கரைத்து வையுங்கள், மறுநாளிலிருந்து வெறும் தண்ணீர். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பி ஊற்றுங்கள், இல்லையென்றால் விழுந்து நனைந்து விறைத்துப்போகும்.

தீனிக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம்தான் அடிப்படை, புரதம் 20 சதவீதம் இருக்கும். நொய்யரிசி மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. சவலைக்கு அந்தத் தீவனத்தைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிறி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிட்டிகை அளவு உதிர்த்துக் கலந்து, நாளைக்கு நான்கைந்து முறை கொடுங்கள். விரல் நுனியால் தட்டில் டொக் டொக் என்று தட்டுங்கள், தாய் கொத்துகிற சத்தம் என்று ஓடி வரும். ஈரத்தீனி அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, சென்னைப் புழுக்கத்தில் உடனே புளித்துவிடும்.

6. பின்பக்கம்

முதல் வாரம் தினமும் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் இரண்டே நாளில் உயிர் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஊறவைத்து எடுங்கள். பிய்க்காதீர்கள். துடைத்துக் காயவைத்து, சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி விடுங்கள்.

7. தடுப்பு மருந்து

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு. குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு வருகிற அளவில்தான் கிடைக்கும், கலக்கிய சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களோடு சேர்ந்து வாங்குங்கள், அல்லது மருத்துவமனைக்கே எடுத்துப் போங்கள். சவலை அன்றைக்குச் சோர்ந்திருந்தால், போடலாமா தள்ளலாமா என்று மருத்துவரையே கேளுங்கள்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சல். ஈரமான உமியில் பெருகுகிற நோய், சவலையைத்தான் முதலில் சாய்க்கும். அன்றைக்கே மருந்து வாங்குங்கள், உமியை முழுதாக மாற்றுங்கள்.

8. கூட்டத்தில் சேர்ப்பது

மற்றவற்றின் எடையில் முக்கால் பங்கு வந்ததும் வலையை எடுத்துவிடலாம். எனக்கு இதற்குப் பெரும்பாலும் நான்கு வாரம் ஆகிறது. ஆனால் தீனிச் சண்டை உடனே ஓயாது. கோழியை மூடி வைக்கும் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து, ஓரத்துக்கு அடியில் நான்கு பக்கமும் செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். சவலை குனிந்து நுழைய வேண்டும், பெரியவை நுழையக் கூடாது, அந்த உயரம். உள்ளே அதற்கு மட்டும் ஒரு தட்டு. முதல் நாள் நீங்களே உள்ளே விட்டுக் காட்டுங்கள். மறுநாள் யாராவது கொத்த வந்தால், அது நேராகப் பஞ்சாரத்துக்கு அடியில்தான் ஓடும்.